பைன்வுட்ஸ் நடன முகாமுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

வணக்கம் தங்கச்சி. கும்பகோணத்திலிருந்து பாஸ்டனுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா கோடையில் ஒரு வாரம் இங்கிலிஷ் கன்ட்ரி டான்ஸ் என்னும் இங்கிலாந்து நாட்டு நடன முகாமுக்குக் கூப்பிடுகிறார், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜோடி இல்லாமல் போவதா, முன்பின் தெரியாதவர் கையைப் பிடிக்க வேண்டுமே, அம்மா வயதிருக்கும் ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவது, பத்து வருஷம் கற்ற கர்நாடக வயலினை எடுத்துப் போனால் அங்கே அதற்கு வேலை இருக்குமா என்று உங்கள் கவலைகளையும் எழுதியிருந்தீர்கள். நான் மாசசூசெட்ஸில் வேரூன்றி வெகுகாலம் ஆகிறது. அந்த முகாமுக்கு விரும்பிப் போகிறவள். போங்கள் என்பதுதான் என் பதில். அங்கே வரும் ஆசிரியர்களும் வாத்தியக்காரர்களும்தான் அதற்குக் காரணம், அவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அந்த அம்மா கூப்பிடும் பைன்வுட்ஸ், பிளிமத் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பைன் மரக் காடு. ஒரு பக்கம் லாங் பாண்ட், இன்னொரு பக்கம் ரவுண்ட் பாண்ட் என்று இரண்டு ஏரிகள். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். 1933-லிருந்து அங்கே கோடையில் நடன முகாம் நடக்கிறது. இடம் அப்போது ஹெலன் ஸ்டாரோ என்ற பாஸ்டன் சீமாட்டியுடையது. இங்கிலாந்தில் நாட்டுப் பாடல்களையும் நடனங்களையும் தேடித் தொகுத்த செசில் ஷார்ப் 1915-இல் அமெரிக்கா வந்தபோது அவருக்குத் துணை நின்றவர் இந்த ஹெலன்தான். ஷார்ப் தொடங்கி வைத்த அமெரிக்கக் கிளைதான் இன்று கன்ட்ரி டான்ஸ் அண்ட் சாங் சொசைட்டியாக இருக்கிறது. பைன்வுட்ஸில் சில வாரங்களை அவர்கள் நடத்துகிறார்கள், மற்ற வாரங்களை வேறு குழுக்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆடும் நடனங்களில் ஒரு பகுதி 1651-இல் ஜான் பிளேஃபோர்ட் லண்டனில் அச்சிட்ட புத்தகத்திலிருந்தும் அதன் பிந்தைய பதிப்புகளிலிருந்தும் வருபவை. மற்றொரு பெரும்பகுதி இந்தக் காலத்தில் எழுதப்பட்டவை. இந்த நடனத்தைப் பழம்பொருளாக நினைத்துப் போகாதீர்கள். புது நடனம் எழுதுகிறவர் உங்கள் பக்கத்து நாற்காலியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

நம் ஊரில் பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போனால் அவர் பாயில் இருப்பார், நாம் எதிரே தள்ளி உட்காருவோம். வகுப்பு முடிந்தால் வணங்கிவிட்டுக் கிளம்புவோம். பைன்வுட்ஸில் ஆசிரியர் வாரம் முழுக்க அதே காட்டில், பக்கத்துக் குடிலில் தங்குகிறார். காலையில் உங்களுக்கு நடனம் கற்றுக்கொடுத்தவர் மதியம் உங்கள் மேசைக்கு ரொட்டிக் கூடையை நகர்த்துவார், சாயங்காலம் ஏரியில் நீந்துவார், இரவு வேறொருவர் நடத்தும் ஆட்டத்தில் உங்களைத் தேடி வந்து "என்னோடு ஆடுகிறீர்களா" என்று கேட்பார். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எழுபத்தைந்து வயதுக்காரரையும் அப்படித்தான். முதல் இரண்டு நாள் வாய் கூசும், கூசட்டும். அவர் பேசும்போது நீங்கள் பேசாமல் இருப்பதும், சொன்னவுடன் வரிசையில் நிற்பதும், ஆட்டம் முடிந்ததும் அவரையும் வாத்தியக்காரர்களையும் பார்த்துக் கைதட்டுவதும்தான் அங்கே மரியாதை. அதை எல்லாரும் கவனிப்பார்கள்.

நல்ல ஆசிரியர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்ப்பதற்காகவே இந்த முகாமுக்குப் போகலாம். பெரும்பாலான நடனங்களில் எதிரெதிராக இரண்டு நீள வரிசை, ஒருவருக்கு எதிரே அவர் ஜோடி. மேலிருந்து, அதாவது வாத்தியக்காரர் இருக்கும் முனையிலிருந்து, இரண்டிரண்டு ஜோடியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வார். முதல் ஜோடி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடம் கீழே இறங்கும், இரண்டாம் ஜோடி மேலே ஏறும். கடைசிக்கு வந்த ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, திரும்ப உள்ளே நுழையும். ஆக ஒரே ஆட்டத்தில் வரிசையில் உள்ள பலரோடும் ஆடிவிடுவீர்கள். இசை இல்லாமல் ஒரு முறை, சில நேரம் இரண்டு முறை நடத்திக் காட்டுவார். அப்போது எவ்வளவு குறைவான சொற்களில் அதைச் செய்கிறார் என்பதில்தான் திறமை இருக்கிறது. "இடது கையை நீட்டுங்கள், அங்கே யார் இருக்கிறாரோ அவர்தான்" என்று ஒரு வரி. ஐந்து நிமிடம் பேசினாலும் ஏறாதது அதில் ஏறிவிடும். இசை தொடங்கியபின், அசைவுக்குச் சற்று முன்னால் அதன் பெயரைச் சொல்வார். அசையும் நேரத்திலேயே சொன்னால் தாமதம். மூன்று நான்கு சுற்றில் கூட்டத்துக்குக் கால் பழகியதும் ஒவ்வொரு சொல்லாகக் குறைத்து, கடைசியில் பேசுவதையே நிறுத்திவிடுவார். அதன்பின் நமக்கும் இசைக்கும் நடுவில் யாரும் இல்லை. தான் தேவைப்படாத இடத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய கற்பித்தல்! எங்கே தவறிப்போய் நிற்கிறீர்களோ அங்கே நான்கு கைகள் உங்களை இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இனி வாத்தியக்காரர்கள். பைன்வுட்ஸில் இந்த நடனத்தைப் பதிவு செய்த இசைக்கு ஆடுவதில்லை, நேரடி வாசிப்புதான். வயலின், பியானோ, புல்லாங்குழல் அல்லது ரெக்கார்டர் என்ற மரக்குழல், சில நேரம் கான்செர்டினா என்ற சின்னக் கைத்துருத்தி வாத்தியம், செல்லோ. மெட்டு பெரும்பாலும் 32 பார் (பார் என்பது ஒரு சிறு தாள அளவு), ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அதையே ஏழெட்டு முறை, சில சமயம் இன்னும் அதிகம் வாசிக்க வேண்டும். ஒரே மெட்டை இத்தனை தடவையா என்று முதலில் நினைப்பீர்கள். கவனித்துக் கேளுங்கள். முதல் சுற்றில் மெட்டை அப்படியே வாசிப்பார்கள், ஆடுகிறவர் காதில் அது பதிய வேண்டும். அடுத்ததில் வயலின் மெட்டைக் குழலுக்குக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி எதிர்மெட்டு ஒன்று பின்னும். நடுவில் ஒரு சுற்றுக்குப் பியானோ ஸ்வரக்கூட்டையே மாற்றிப்போடும், அல்லது வாசிக்காமல் விட்டுவிடும், அப்போது நூறு ஜோடிக் கால்கள் மரத்தரையில் உரசுவது கேட்கும். கடைசிச் சுற்றுக்கு எல்லாரும் சேர்ந்து எழுவார்கள். பல்லவிக்குச் சங்கதி மேல் சங்கதி போடுவதைக் கேட்டு வளர்ந்த உங்கள் காதுக்கு இது உடனே பிடிபடும். 1978-இல் பாஸ்டனில் உருவான பேர் நெசசிட்டீஸ் என்ற நால்வர் குழுதான் இந்த மாதிரி வாசிப்பை இங்கே ஒரு பெரிய கலையாக வளர்த்தது. அதன் பியானோக்காரர் ஜாக்குலின் ஷ்வாப், கென் பர்ன்ஸ் என்ற இயக்குநரின் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆவணத் தொடருக்கு வாசித்தவர். குழலும் விசில் என்ற சிறு குழலும் வாசிக்கும் பீட்டர் பார்ன்ஸ் தொகுத்த மெட்டுப் புத்தகம் இந்த வட்டத்து வாத்தியக்காரர் பெரும்பாலோர் பையில் இருக்கும்.

ஆசிரியருக்கும் வாத்தியக்காரருக்கும் நடுவில் நடப்பதைத் தவறவிடாதீர்கள். ஆட்டம் தொடங்குமுன் ஆசிரியர் திரும்பி, தனக்கு வேண்டிய வேகத்தில் மெட்டின் முதல் வரியை மெல்லப் பாடிக் காட்டுவார். வாத்தியக்காரர் தாளைப் பார்ப்பதைவிட ஆடுகிறவர் காலைப் பார்ப்பதுதான் அதிகம். கூட்டம் களைத்திருக்கிறதா, வேகமாகப் போகத் துடிக்கிறதா என்று பார்த்து நூலிழை அளவு வேகம் மாற்றுவார்கள். முடிக்க இன்னும் இரண்டு சுற்று என்று ஆசிரியர் விரலைக் காட்டுவார். ஒரு இரவுக்கு எந்த நடனத்துக்குப் பின் எது, துள்ளலுக்குப் பின் அமைதியானது, ஒரே சுருதியில் இரண்டு மெட்டு அடுத்தடுத்து வராமல், என்று சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து பேசியிருப்பார்கள்.

உங்கள் வயலின். எடுத்துப் போங்கள், ஆனால் கொஞ்சம் தயாராக வேண்டும். நாம் ச-ப-ச-ப என்று சேர்க்கும் சுருதி அங்கே உதவாது, ஜி-டி-ஏ-ஈ வேண்டும். கம்பியைத் தளர்த்தியே பழக்கியிருப்பீர்கள், ஆகவே புதுக் கம்பி செட் ஒன்று மாட்டிவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் தாங்கி வாசிக்கப் பழகுங்கள். கமகத்தைச் சுருக்கி வில்லுக்கு வேலை கொடுங்கள். ஆடுகிறவர் கால் எழும்புவது வில்லின் அழுத்தத்தால்தான். மெட்டுகள் பெரும்பாலும் டி, ஜி சுருதிகளில் சங்கராபரண ஸ்வரங்களில் வரும். பிளேஃபோர்ட் காலத்தவற்றில் டோரியன் என்று அவர்கள் சொல்லும் அடுக்கும் உண்டு, அது நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். அங்கே பலரைத் தடுமாற வைக்கும், பாருக்கு மூன்று நீண்ட அடி வரும் மெட்டுகள் தாளம் போட்டு வளர்ந்த உங்களுக்கு எளிதில் வந்துவிடும். ஹென்றி பர்செல் 1695-இல் ஒரு நாடகத்துக்கு எழுதிய இசையிலிருந்து வந்த 'ஹோல் இன் தி வால்' அப்படி ஒன்று, அதிலிருந்து தொடங்குங்கள். மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் காதால் பிடிப்பவருக்கும் அங்கே மதிப்பு உண்டு. முகாமுக்கு முகாம் ஏற்பாடு மாறும் என்பதால் வாத்தியம் கற்பவருக்கு வகுப்பு உண்டா, ஏதாவது ஒரு இரவில் வந்தவர்கள் சேர்ந்து வாசிக்கலாமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இரவு ஆட்டம் முடிந்தபின் யாராவது வாசித்துக்கொண்டிருப்பார்கள், ஓரமாக உட்கார்ந்து மெல்லச் சேர்ந்துகொள்ளலாம். அழைக்காமல் மேடையில் மட்டும் ஏறக் கூடாது. அது அவர்கள் தொழில், இரண்டு மூன்று மணி நேரம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயலின் நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக வந்த வழியை நினைத்துப் பாருங்கள். தீட்சிதர் குடும்பம் சென்னைப் பக்கத்து மணலியில் இருந்த காலத்தில் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாத்தியக் குழு வாசித்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார், ஏறத்தாழ 40 நொட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. 'வந்தே மீனாக்ஷி', 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்ற அயர்லாந்து நடன மெட்டு. பால பாடத்தில் நீங்கள் வாசித்திருப்பீர்கள். இரவுக் கூடலில் அதை ஒருமுறை வாசித்துவிட்டு அதன் கதையைச் சொல்லுங்கள். அந்த மெட்டு தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் விரலில் இருநூறு வருஷமாக இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. விருந்தாளியாக மட்டும் நீங்கள் அங்கே போகவில்லை என்பது உங்களுக்கும் அப்போது புரியும்.

ஜோடி தேவையே இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேறொருவரோடு ஆடுவதுதான் வழக்கம், யாரும் யாரையும் கேட்கலாம், பெண்ணும் பெண்ணும் ஆடுவது சாதாரணம். ஆண் வரிசை, பெண் வரிசை என்று சொல்வதை விட்டு, நிற்கும் இடத்தை வைத்தோ லார்க், ராபின் என்ற பறவைப் பெயர்களைச் சொல்லியோ பலர் இப்போது கற்றுக்கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் "நோ தேங்க் யூ" போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடுதல் பெரும்பாலும் கையோடு சரி. ஆனால் கண்ணைப் பார்த்து ஆடச் சொல்வார்கள், நம்மில் பலருக்கு அதுதான் கையைப் பிடிப்பதைவிடக் கடினம். கூச்சமாக இருந்தால் நெற்றியையோ தோளையோ பாருங்கள், தவறில்லை.

தனித்துத் தெரிவேனா என்று கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். தெரிவீர்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்கள். அந்த வாரத்தில் தமிழ் பேசும் ஆள் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். எந்த ஊர் என்று ஒரே நாளில் பலர் கேட்பார்கள். கும்பகோணம் என்றே சொல்லுங்கள், இந்தியா என்று சுருக்க வேண்டாம். இளம் வயதினரும் பிற இனத்தவரும் இன்னும் வர வேண்டும் என்று அந்த வட்டத்துக்குள்ளேயே அக்கறையோடு பேசுகிறார்கள். பணம் ஒரு தடையென்றால் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். சைவம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், நன்றாகவே சாப்பிடலாம், ஒரு ஊறுகாய் பாட்டில் போதும். வாசனைத் திரவியம் வேண்டாம் என்பார்கள், ஆகவே மணக்கும் தலை எண்ணெயையும் அந்த வாரம் விட்டுவிடுங்கள். துப்பட்டா இல்லாத பருத்திச் சுடிதார் சரியான உடை. வியர்த்து ஊற்றும், மாற்று உடை நிறைய வேண்டும். மரத்தரையைக் கீறாத மென்மையான காலணி கொண்டுபோங்கள். ஆளுக்கொரு சிறு வேலை தருவார்கள், பாத்திரமோ மேசையோ, அங்கேதான் நட்பு சேரும். காட்டில் மான் உண்ணி உண்டு, லைம் நோயைத் தரும், தினமும் குளிக்கும்போது உடலை முழுக்கப் பாருங்கள்.

போவதற்கு முன் பாஸ்டன் பகுதியில் நடக்கும் வாராந்திர ஆங்கில நடனத்துக்கு உங்கள் தோழியோடு சிலமுறை போய்வாருங்கள். புதியவருக்குத் தொடக்கத்திலேயே அடிப்படை சொல்லித்தருவார்கள். இடைவேளையில் வயலின்காரரிடம் போய் நீங்களும் வாசிப்பவர் என்று சொல்லுங்கள். எந்த மெட்டுகளைப் பழகிவிட்டுப் போகலாம் என்று அவரே எழுதிக் கொடுப்பார்.