ரீச்சரிடம் கேளுங்கோ: ஊமற்கரியில் நனோ இருக்கா?

கேள்வி: ரீச்சர், எங்கட வளவில் பனங்கிழங்கு கிண்டி முடிந்து ஊமல் (கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் பனங்கொட்டை ஓடு) குவிந்து கிடக்கிறது. கழிவில் இருந்து காபன் நனோத் துணிக்கை செய்யலாம் என்று படித்தேன். ஊமலை எரித்து நன்றாக அரைத்தால் வருமா? ஏ.எல். செயற்றிட்டத்துக்குத்தான்.
(உயர்தர மாணவர், சாவகச்சேரி)

பதில்: தம்பி, எரித்து அரைத்தால் வருவது ஊமற்கரி. உம்முடைய அம்மம்மா பல்லு விளக்கிய அதே சாமான். அம்மியில் என்னதான் மையாக அரைத்தாலும் ஒரு துணிக்கை ஆயிரக்கணக்கான நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்) இருக்கும். நனோ என்று சொல்ல 100 நனோமீற்றருக்குள் வரவேண்டும். யூ.வி. ஒளியில் மின்னுகிற, காபன் புள்ளிகள் என்ற நனோத் துணிக்கைகளோ 10க்கும் குறைவு. 2004இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், காபன் நனோக்குழாய்களைச் சுத்தம் செய்யப் போன இடத்தில் தற்செயலாக அகப்பட்டவை அவை.

கரியில் இருந்து அவற்றை எடுக்க ஆய்வுகூடங்களில் நைத்திரிக்கமிலத்தில் மணிக்கணக்காகக் கொதிக்க வைப்பார்கள். மெழுகுதிரிப் புகைக்கரியில் 2007இல் அப்படித்தான் செய்தார்கள். கிளம்பும் கபிலப் புகை நுரையீரலைப் பதம் பார்க்கும். புகையை வெளியே இழுக்கும் அலுமாரி இல்லாத இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

சீனிப் பண்டம் இருந்தால் பாதை லேசு. தோடம்பழச் சாற்றை மதுசாரத்தோடு மூடிய உருக்குக் கலத்தில் 120 பாகையில் இரண்டரை மணித்தியாலம் சூடாக்கி, 2012இல் இந்தியாவில் காபன் புள்ளிகள் எடுத்தார்கள். குக்கரும் 120 பாகைதானே என்று உமக்கு உடனே ஓடும், எனக்குத் தெரியும். மதுசாரத்தை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம்.

அதே ஆண்டு குவாகாத்தி ஐ.ஐ.டி.யில் பாண், பிஸ்கற், கருக்கிய சீனி, வெல்லம் எல்லாவற்றிலும் காபன் நனோத் துணிக்கைகளைக் கண்டார்கள். ஆகவே கழிவாகப் போகிற பனங்கட்டித் தூளில் தொடங்கும். ஒரு கரண்டி தூளைப் பழைய சட்டியில் கருஞ்சிவப்பாகக் கருக்கி, ஆறவிட்டு, தண்ணீரில் கரைத்து, வடிதாளில் வடியும். வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் மின்னாது. தன் ஒளியைத் தானே விழுங்கிவிடும். வைக்கோல் நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்து, இருட்டில் யூ.வி. ரோச் அடித்துப் பாரும். மங்கலான நீலம் தெரிந்தால் துள்ளாதேயும். கருக்காத பனங்கட்டிக் கரைசலையும் வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேணும். மஞ்சள் தூளும் மின்னும், பச்சிலைச் சாறு சிவப்பாக மின்னும்; அவை காபன் புள்ளிகளா?

செயற்றிட்டத்தின் உயிர் அடுத்த படியில்தான் இருக்கிறது. கரைசலைக் கூழ்பிரிப்புப் பையில் (மிக நுண்ணிய துளைகள் உள்ள மென்தாள் பை) கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, ஒரு நாளாவது தண்ணீரை மாற்றி மாற்றி வையும். சின்ன மூலக்கூறுகள் வெளியே போய்விடும். மினுக்கம் வெளித் தண்ணீரோடு போனால் நீர் பார்த்தது நனோ அல்ல. பைக்குள் மிஞ்சினால், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தரும்படி பல்கலைக்கழகத்தில் கேட்க உமக்கு ஒரு முகாந்திரம் கிடைக்கும். வெளிவந்த கட்டுரைகள் சிலவற்றிலும் சறுக்கிய இடம் இதுதான்.

கேள்வி: கரப்பான் காலில் இருந்து கிரபீன் எடுத்தார்களாமே, உண்மையா?
(வாசகி, நல்லூர்)

பதில்: உண்மைதான். கிரபீன் என்பது ஓர் அணுத் தடிப்பே உள்ள காபன் தாள். எடுத்தது 2011இல், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில். கரப்பான் கால் மட்டுமல்ல, பிஸ்கற், புல்லு, நாயின் எச்சம் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். செப்புத் தகட்டில் வைத்து 1050 பாகையில் சூடாக்க, தகட்டின் மறுபக்கத்தில் கிரபீன் படிந்தது. காபன் எங்கிருந்து வந்தாலும் காபன்தான் என்று காட்டத்தான் அது. கரப்பான் வளர்த்து யாரும் பணக்காரர் ஆகப் போவதில்லை.

கேள்வி: கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமாக்க "நனோ காபன்" தூள் என்று ஒருவர் வீடு வீடாக விற்கிறார். வாங்கலாமா?
(குடும்பத் தலைவி, சுன்னாகம்)

பதில்: முதலில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ, தங்கச்சி: நைத்திரேற்றை எடுக்குமா? எடுக்கும் என்றால் கதவைச் சாத்துங்கோ. சிரட்டைக் கரியை நீராவியில் 800 பாகைக்கு மேல் சூடாக்கி எடுக்கும் நல்ல ஏவற்கரி நம் நாட்டிலேயே செய்யப்படுகிறது. ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர் மேற்பரப்பு அதற்கு. நுண்துளைகள் நனோ அளவுதான். மணம், குளோரீன், எண்ணெய்ச் சாயல் போன்றவற்றை நன்றாகப் பிடிக்கும். ஆனால் உப்பும் நைத்திரேற்றும் அதற்குள்ளால் தாராளமாகப் போகும்.

எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியும் நேரே கிணற்றுக்குள் இறங்குகின்றன. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று குறையாது; தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் அதற்குமேல் போன தண்ணீரில் பால்மா கரைக்கக் கூடாது. தூளுக்குக் கொடுக்கிற காசை முதலில் ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதிக்கச் செலவழியுங்கோ. எல்லை தாண்டியிருந்தால் ஆர்.ஓ. வடிகட்டி, இல்லையென்றால் குடிக்க மட்டும் வேறு தண்ணீர்.