வெட்டுகத்தி வாங்கும் முன் கேட்டவையும் சொன்னவையும்

கத்தி, அரிவாள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், குவிந்துவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும், கேட்டவரின் ஊர்ப்பெயரோடு, இங்கே பதில். நான் கத்தி விற்கிற ஆள் இல்லை, ரப்பரும் தென்னையும் வைத்திருக்கிறவன்.

அருமனை: அண்ணே, விளை (தோப்பு) வேலைக்கும், நண்பர்களோடு வெளியே தங்கிச் சமைக்கவும் ஒரே கத்தி போதும் எனக்கு. பைக் பெட்டியில் அடங்கணும். எது வாங்க?

எதை அதிகம் வெட்டப்போகிறாய் என்பதுதான் முதல் கேள்வி தம்பி. கொடி, புதர் மாதிரி வளைந்து கொடுக்கிறதற்கு மெலிந்த நீளத் தகடு வேகமாக வீச வேண்டும். விறகு பிளக்கத் தடித்த கனம் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது நம்மூர் வெட்டுகத்திதான். அலகு 8 முதல் 10 அங்குலம், முதுகு 5 மில்லிமீட்டர் பக்கம், மொத்த எடை அரைக் கிலோவை ஒட்டி இருந்தால் போதும். கடையில் எடுத்ததும் ஒரு விரல்மேல் கிடத்திப் பார். பிடியைத் தாண்டி இரண்டு மூன்று விரற்கடை அலகுப் பக்கம் தள்ளி நிலைத்து நின்றால் கனம் முன்னால் இருக்கிறது, வெட்டும்போது கத்தியே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பிடியிலேயே நின்றால் அது காய் நறுக்கத்தான்.

நாகர்கோவில்: ஆன்லைனில் ஒன்று பார்த்தேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் தீப்பெட்டி வைக்க இடம், திசைகாட்டி எல்லாம் இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பிடிக்குள் சாமான் வைக்க இடமிருக்கிறது என்றால் அங்கே இரும்பு இல்லை என்று அர்த்தம். அலகின் வால், அதாவது பிடிக்குள் போகிற இரும்பு, பிடியின் கடைசிவரை ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓங்கி வெட்டுகிற ஒரு நாளில் அலகு தனியாகப் பறக்கும். முதுகில் பல் இருந்தால் விறகு பிளக்கத் தடியால் தட்டவும் முடியாது, தடியைத்தான் அரிக்கும். மணிக்கட்டுக்கு மேல் தடிமனான கிளைக்கு மடக்கு ரம்பம் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தக்கலை: எவர்சில்வரா, இரும்பா? நம்மூர் மழைக்கு இரும்பு நிற்குமா?

இரும்பே. மலிவாக வருகிற எவர்சில்வரில் ஒன்று வாய் (வெட்டுகிற விளிம்பு) வளையும், இல்லையென்றால் பல் விழும். இங்கே தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் பெய்கிறதே என்கிறீர்கள், சரிதான், ஆனால் துரு பிடிப்பது பெரும்பாலும் வெட்டும்போது இல்லை, ஈரத்தோடு தோலுறையில் செருகி வைக்கும்போது. வாழைக்கறை, மாங்காய்ப்பால் பட்டதை அன்றே கழுவித் துடைத்து, துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு ஒரு இழுப்பு இழுத்து, உறைக்கு வெளியே மாட்டி வையுங்கள்.

கொல்லங்கோடு: பழைய லாரி வில்லுப்பட்டை கொடுத்துக் கொல்லரிடம் அடித்து வாங்கினேன். இரண்டு தேங்காய் மட்டைக்கே வாய் மடங்குகிறது. பட்டை மோசமா?

பட்டையில் குற்றம் இருக்காது அண்ணாச்சி, வில்லுப்பட்டை இரும்பு நல்ல இரும்பு. அதைப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் பழைய கடினம் போய்விடும், மறுபடி துவைச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) கொடுத்தால்தான் வாய் நிற்கும். அரத்தை வாயில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் துவைச்சல் ஏறியிருக்கிறது, கறுமுறுவென்று கடித்துப் பொடி விழுந்தால் ஏறவில்லை. முதுகில் கடிக்கலாம், அது நல்லதுதான், முதுகு மென்மையாக இருந்தால் அடி தாங்கும். இன்னொன்று, கிரைண்டரில் தீட்டியபோது வாயோரம் நீலம் பாய்ந்ததா? அந்த நிறம் வர 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு ஏறியிருக்க வேண்டும், அந்த இடம் இளகிவிட்டது. நீலம் போகும்வரை கல்லில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பாருங்கள். அப்புறமும் மடங்கினால் அதே கொல்லரிடம் கொண்டுபோய்த் துவைச்சல் மட்டும் கேளுங்கள், புதிதாக அடிக்க வேண்டியதில்லை.

பேச்சிப்பாறை: நேபாளத்து வளைகத்தி, குக்ரி, எப்படி?

வெட்டுக்கு அருமை. உள்வளைவு இருப்பதால் தட்டைக்கல்லில் தீட்டுவது பாடு. உறையிலிருந்து உருவும்போது உறையைப் பிடித்த விரல்கள் வாய்ப்பக்கம் சுற்றியிருக்கக் கூடாது, உறை கிழிந்தால் விரலும் போகும். உறையை முதுகுப் பக்கமாகப் பிடியுங்கள்.

குழித்துறை: மலைப்பக்கம் போகும்போது பையில் கொண்டுபோகலாமா?

சரணாலயத்துக்குள் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கத்தியும் ஆயுதம்தான், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டுபோக முடியாது. வெளியில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத விதிகளில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. ஆனாலும் ராத்திரி பைக்கில் போகிறவன் பெட்டியில் கிடக்கிற வெட்டுகத்திக்கு விவசாயக் காரணம் சொல்லி போலீசை நம்பவைப்பது உங்கள் சாமர்த்தியம்.

திருவட்டாறு: எனக்கு இடது கை. அரிவாள் வெட்டில் நிற்காமல் வழுகிப் போகிறதே?

ஒருபக்கம் மட்டும் சரித்துத் தீட்டிய அரிவாளாக இருக்கும், அந்தச் சரிவு வலதுகைக்காரருக்கு வைத்தது. இரண்டு பக்கமும் ஒரேபோல் தீட்டச் சொல்லி வாங்குங்கள் அக்கா.