மூன்றாவது முறையும் எனக்கே ஏன்?

மேடம், வணக்கம். எனக்கு 31 வயது. ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் அடிப்பார். அவர் சைக்கிள் ஸ்டாண்டைப் போடும் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அடி உண்டா என்று சொல்லிவிடுவேன். கல்லூரியில் காதலித்தவன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் அறைந்தான். குடிக்காதவர் என்று நம்பித்தான் அடுத்தவரைக் கல்யாணம் செய்தேன். அவரும் அடித்தார், இரண்டே வருடத்தில் விவாகரத்து. இப்போது பழகுகிறவர், போன மாதம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சாம்பார் ஆறிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு என் கையை முறுக்கினார். எனக்குக் கோபமே வரவில்லை. மரத்துப்போய் நின்றேன். அப்புறம் நானே ஸாரி சொன்னேன். "உன் ஜாதகம் அப்படி" என்கிறார் அம்மா. நானேதான் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போகிறேனா?

- பெயர் வேண்டாம், ஈரோடு

அன்புள்ள தங்கைக்கு,

ஜாதகமும் இல்லை, நீங்கள் தேடிப் போகவும் இல்லை. கையை முறுக்கியதற்கு முறுக்கியவர்தான் பொறுப்பு.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதும் அல்ல. சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பற்றிய 80 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு கணக்கு வந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பின்னாளில் மறுபடியும் பாலியல் கொடுமையைச் சந்தித்திருக்கிறார்கள். அடி வாங்கி வளர்ந்தவர்களிடமும் இந்தத் தொடர்ச்சியைப் பார்க்கிறோம்.

சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆபத்தை மோப்பம் பிடிக்கத் தெரியாதவர் இல்லை நீங்கள். ஆனால் தெரிந்தும் அந்தக் குழந்தை எங்கே ஓடும்? சோறு போடுகிறவரே அடிக்கிறவர். அப்போது கோபத்தை விழுங்கி, உடம்பை மரத்துப்போக விட்டு, 'தப்பு என்னுடையதுதான்' என்று நினைத்துக்கொள்வதுதான் அந்த வீட்டில் பிழைத்திருக்க வழி. நம்பியிருக்கிறவரே காயப்படுத்தும்போது மனம் அதைப் பார்க்காமலே இருக்கப் பழகிவிடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் விளக்கியிருக்கிறார். அன்று உங்களைக் காப்பாற்றிய பழக்கம் இன்றும் தானாக வந்து நிற்கிறது. 'கிளம்பு' என்று சொல்ல வேண்டிய கோபம் வருவதில்லை, ஸாரிதான் வருகிறது. அடிக்கிற குணம் உள்ளவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால் அவர்களுக்கு இன்னும் வசதி.

சரி, முதலில் பாதுகாப்பு. இவரைத் தனியாகச் சந்திக்காதீர்கள். பிரிவதாக இருந்தால், நம்பிக்கையான ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிரியும் நேரத்தில் வன்முறை கூடுவது உண்டு. 181 பெண்களுக்கான உதவி எண். மனநல உதவிக்கு 14416, டெலி மானஸ். இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சிறுவயதுக் காயங்களுக்குச் சிகிச்சை தருகிற உளவியலாளரை நேரில் பார்ப்பதும் அவசியம்.

அப்புறம் ஒரு சின்னப் பயிற்சி. இவரிடம் வேண்டாம், கடையில் செய்யுங்கள். வாடிக்கையாளர் யாராவது குரலை உயர்த்தும்போது வாய் வரைக்கும் வருகிற ஸாரியைப் பத்து எண்ணும் வரை நிறுத்தி வையுங்கள். அந்தப் பத்து நொடியில் நெஞ்சிலும் கைகளிலும் என்ன நடக்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.