கெயர் வேலையில் ஓடிய மைல்களுக்கு வரி திரும்புமா?

கேள்வி: லண்டனில் முதியவர்களை வீடு வீடாகச் சென்று பார்க்கும் கெயர் வேலை செய்கிறேன். சொந்தக் கார். நிறுவனம் மைலுக்கு 25 பென்ஸ் தருகிறது. அரசாங்கக் கணக்கு 45 பென்ஸ், மிச்சம் 20 பென்ஸை வரித் திணைக்களத்திடம் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு முகவர். நம்பலாமா? (வாசகி, ஹரோ)

பதில்: அன்புச் சகோதரிக்கு, உரிமை இருப்பது உண்மை. ஆனால் அந்த 20 பென்ஸ் அப்படியே கைக்கு வராது. அந்தத் தொகைக்கு நீங்கள் கட்டிய வரிதான் திரும்பும்.

2024-25 வரியாண்டில் வேலைக்காக 6,000 மைல் ஓடினீர்கள் என்று வைப்போம். 45 பென்ஸ்படி 2,700 பவுண். நிறுவனம் தந்தது 1,500. இடைவெளி 1,200 பவுண். 20 வீத வரி கட்டுபவருக்கு அதில் 240 பவுண் கிடைக்கும். ஆண்டு வருமானம் 12,570 பவுணைத் தாண்டாமல் வரியே கட்டாதவருக்குத் திருப்பித் தர எதுவும் இல்லை. பெற்றோல், காப்புறுதி, டயர் எல்லாம் அந்த 45 பென்ஸுக்குள் அடக்கம். தனியாகக் கேட்க முடியாது. 10,000 மைலுக்கு மேல் ஓடினால் அதற்கப்பால் 25 பென்ஸ்தான் கணக்கு.

எந்த மைல் சேரும் என்பதில்தான் பலர் தடுக்குகிறார்கள். ஒரு முதியவர் வீட்டிலிருந்து அடுத்தவர் வீட்டுக்குப் போகும் ஓட்டம் சேரும். உங்கள் வீட்டிலிருந்து நிலையான அலுவலகத்துக்குப் போய் வருவது சேராது. காலையில் நேரே முதல் வீட்டுக்குப் போகும் தூரம் உங்கள் வேலை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதை எடுத்து வாசியுங்கள்.

தயவுசெய்து இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, புறப்பட்ட இடத்தின் போஸ்ட்கோட், சேர்ந்த இடத்தின் போஸ்ட்கோட், போன காரணம், மைல். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இவ்வளவு இருந்தால் போதும். 2024 ஒக்டோபரிலிருந்து, கோரிக்கையுடன் இந்தப் பதிவையும் கேட்கிறார்கள். பழைய மாதங்களுக்கு வேலை அட்டவணையும் சம்பளச் சிட்டையும் கைகொடுக்கும். நினைவிலிருந்து உருட்டி எழுதாதீர்கள். பொருந்தாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், முகவர் அல்ல.

அவருக்குப் பங்கு கொடுக்கவும் தேவையில்லை. வேலைச் செலவுக்கான வரியைத் திரும்பக் கேட்கும் பி87 படிவத்தை நீங்களே இலவசமாக நிரப்பலாம். கோரும் செலவு ஆண்டுக்கு 2,500 பவுணுக்கு மேல் போனால்தான் சுயமதிப்பீட்டு (செல்ஃப் அசெஸ்மென்ட்) வரி அறிக்கை வேண்டும். 2024-25க்கு 2029 ஏப்ரல் 5 வரை காலம் உண்டு, ஆறுதலாகச் செய்யுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு ஓடும் நேரமும் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் வேலை நேரமே. பல நிறுவனங்கள் வீட்டுக்குள் நின்ற நிமிடங்களுக்கு மட்டும் சம்பளம் தருகின்றன. ஓடிய நேரத்தையும் சேர்த்து மொத்தச் சம்பளத்தை வகுத்துப் பாருங்கள். சட்டம் சொல்லும் தொகைக்குக் கீழே வந்தால் வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவித் தொலைபேசியில் பேசுங்கள், அந்த ஆலோசனைக்கும் கட்டணம் இல்லை. 240 பவுணைவிடப் பெரிய தொகை அங்கே நிற்கக்கூடும்.