கடலோர ஊரில் தினமும் எழுத எந்தப் பேனா, எந்தப் பென்சில் நல்லது?

கடலூரில் இருந்துகொண்டு தினமும் நாலைந்து பக்கம் எழுதுகிறவருக்கு எது ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். என் முதல் தேர்வு மைப்பேனாதான். அழுத்த வேண்டியதில்லை; நிப் தாளைத் தொட்டாலே மை இறங்கும், விரல் வலிக்காது. ஆனால் அந்த மை பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த சாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். மலிவான நோட்டில் எழுத்தின் ஓரம் பிசிறடித்து, மறுபக்கமும் ஊறித் தெரியும். அந்த இரண்டு மாதமும் நான் பால்பாயிண்ட் பேனாவுக்கு மாறிவிடுவேன். அதன் மை எண்ணெய்ப் பசை, ஈரத்தில் எளிதில் பரவாது. ரெனால்ட்ஸ் 045 போதும். அதற்கு மேல் விலை கொடுப்பது வீண் என்றே நினைக்கிறேன். ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு ஓடும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

பென்சில் குச்சி கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. களிமண் கூடினால் கடினமான எச் வகை; குறைந்தால் மென்மையாகக் கறுத்து எழுதும் பி வகை. குறிப்பெடுக்க எச்பி போதும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைக் காகிதம் கிடைத்தால் 2பி பென்சிலால் எழுதிப் பாருங்கள். அந்தச் சொரசொரப்பில் கோடு அத்தனை அழகாகப் பதியும்! மைப்பேனா வாங்கினால் அவ்வப்போது நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் வேண்டாம்.