புகாரில் அப்பா நம்பர் வேண்டாம்: வாசகர் கேள்வி-பதில்

ராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளில் படிக்கும் தன்பாலீர்ப்பு, திருநர் மாணவர்கள் தொடர்பாக வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

என் நடையையும் பேச்சையும் வைத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதக்கணக்கில் கேலி செய்கிறார்கள். ஸ்டிக்கர்கூடப் போட்டுவிட்டார்கள். பிரின்சிபாலிடம் போனால், "நீ அப்படியா?" என்று கேட்டு அப்பாவை வரச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
*– மாணவர், பாம்பன்*

நீங்கள் "அப்படியா" இல்லையா என்பதைப் புகாரில் எழுத வேண்டியதே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ராகிங் தடுப்பு விதிமுறையில் 2016-ல் ஒரு திருத்தம் வந்தது. பாலினம் (திருநர் உட்பட), பாலீர்ப்பு, தோற்றம் போன்றவற்றைக் காரணமாக்கி ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்கிறது அது. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் என்றும் இல்லை. "என் நடையையும் தோற்றத்தையும் வைத்து" என்று எழுதினால் போதும். அதற்கு மேல் உங்களைத் துருவ எந்தக் குழுவுக்கும் வேலை இல்லை.

இப்போதைக்கு அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். கோபத்தில் எக்ஸிட் ஆகி, சாட்டையும் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும், ஓரத்தை வெட்டக் கூடாது. அனுப்பியவர் உங்கள் போனில் "மச்சான்" என்று பதிவாகியிருந்தால் அது யாரென்று யாருக்கும் தெரியாது. அவருடைய புரொஃபைலைத் திறந்து, எண் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

புகார் ஒரு பக்கம் இருந்தால் போதும். கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது. என் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குத் தகவல் தர வேண்டாம்." இதை விட்டுவிட்டால், ஆபீஸில் முதலில் தேடுவது அட்மிஷன் படிவத்தில் இருக்கும் அப்பாவின் செல் நம்பரைத்தான். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகார் சொன்னதாகவே ஆகாது. தேசிய ராகிங் உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும் உண்டு. அங்கேயும் உங்கள் சொந்த எண்ணையே கொடுங்கள்.

யாராவது உடம்பில் கை வைத்திருந்தால், அல்லது பாலியல் ரீதியாகச் சீண்டியிருந்தால், உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போகலாம். அதற்கான 2015 யுஜிசி விதிமுறையின் தலைப்பில் "பெண்கள்" என்று இருப்பதைக் காட்டிப் பையன்களைத் திருப்பி அனுப்பிவிடுவது உண்டு. உள்ளே படித்தால் ஆண் மாணவர்கள், மூன்றாம் பாலினத்தவர் எல்லோரையும் அது சொல்கிறது. 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

நான் திருநங்கை. கடைசி வருடம். டிகிரி சர்டிபிகேட்டில் என் பெயர் வர வேண்டும்.
*– தங்கச்சிமடம்*

இப்போதே தொடங்குங்கள். டிகிரி அச்சாவது பல்கலைக்கழகப் பதிவேட்டில் இருக்கும் பெயரில்தான். அதற்குப் பிறகு மாற்றுவது இரட்டை வேலை. 2019 திருநர் சட்டத்தின்படி அடையாளச் சான்றிதழ் தருபவர் மாவட்ட ஆட்சியர், விண்ணப்பம் ஆன்லைனில். அன்றைக்கு அமலில் இருக்கும் விதி எது, என்னென்ன தாள் வேண்டும் என்பதை மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் (15100) கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் வந்ததும் ஆதார், பிறகு கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகம். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குத் தனியாகப் போக வேண்டும். கல்விப் பதிவேடுகளில் பெயர், பாலின மாற்றத்தை ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-லேயே சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவின் நகலையும் இணையுங்கள்.

விண்ணப்பம் திரும்புவது பெரும்பாலும் இனிஷியலால்தான். ஆதாரில் பின்னால், மார்க் ஷீட்டில் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லை என்று இருக்கும். புதுப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் அதையே பார்த்து நிரப்புங்கள். ஹால் டிக்கெட் போட்டோவும் இன்றைய தோற்றமும் வேறாக இருந்தால், இப்போதைய போட்டோ ஒட்டி பிரின்சிபால் கையெழுத்திட்ட கடிதத்தைத் தேர்வுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். தேர்வறை வாசலில் விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2024 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். மதுரையில் பிரியா பாபு நடத்தும் திருநங்கையர் ஆவண மையமும் பக்கத்தில்தான் இருக்கிறது.

எனக்கு 20 வயது. என் தோழியைப் பற்றி வீட்டில் தெரிந்துவிட்டது. "ஏர்வாடியில் கொஞ்ச நாள் தங்கவைத்தால் சரியாகும்" என்கிறார் அம்மா. மாமா ஒரு டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறார்.
*– மாணவி, கீழக்கரை பக்கம்*

ஏர்வாடி தர்காவுக்குப் போய் துஆ (பிரார்த்தனை) கேட்பது வேறு, விருப்பமில்லாதவரை அங்கே அடைத்துவைப்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியாதபடி சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் அவர்களில் பலர். எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அம்மாவிடம் சட்டம் பேச வேண்டாம். "வருகிறேன், துஆ கேட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவோம்" என்று சொல்லிப் பார்க்கலாம். உங்கள் போன் உங்கள் கையில் இருக்கும் என்றால் மட்டும்.

டாக்டரிடம் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "மாற்றித் தருகிறேன்" என்கிறாரா? அப்படிச் செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ல் உத்தரவிட்டார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அதைத் தொழில் ஒழுக்க மீறலாக அறிவித்தது. சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தர அவை வேண்டும். தூக்கமின்மை, அழுகை, சாப்பிட முடியாமை இவற்றுக்கு வைத்தியம் தேவைதான். அதற்கு அரசின் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

அடி, பூட்டு என்ற நிலை இல்லாதவரை செமஸ்டரின் நடுவில் வீட்டை விட்டு வராதீர்கள் என்பதே எங்கள் கருத்து. படிப்பு நின்றால் அவர்கள் கை ஓங்கிவிடும். ஆனால் ஆயத்தமாக இருங்கள். மார்க் ஷீட், ஆதார் எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கட்டும். அப்பாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம், உங்கள் பெயரில் மட்டும் ஒன்று திறங்கள். வெளியேறியே ஆக வேண்டும் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். தங்குவதற்குப் பெண்களுக்கான மாவட்ட "சகி" மையம் இருக்கிறது. அன்றைக்கே எஸ்.பி. அலுவலகத்துக்கு, "எனக்கு 20 வயது, என் விருப்பத்தில் வந்தேன்" என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். வீட்டார் காணாமல் போனதாகப் புகார் கொடுத்தாலும், உங்கள் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு போலீஸ் அதை முடித்துவிட வேண்டும். இதுவும் அந்த 2021 உத்தரவில் இருக்கிறது.

எங்கள் கலைக் கல்லூரியில் இப்படிப்பட்ட மாணவர்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கிறேன். நிதி இல்லை.
*– உதவிப் பேராசிரியர், ராமநாதபுரம்*

மன்றம் தொடங்காதீர்கள். மன்றம் என்றால் உறுப்பினர் பட்டியல், வருகைப் பதிவு, பிறகு நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) கோப்புக்கு, இடம் பதிவாகும் ஜியோ டேக் போட்டோ. அந்த ஒரு போட்டோ மண்டபம் ஊரில் ஒரு வீட்டை எட்டினால் போதும், பிறகு உங்கள் பக்கம் யாரும் வர மாட்டார்கள். கோப்புக்கு வேண்டுமென்றால் ஆளில்லாத அறையைப் படம் எடுத்து, எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்று எழுதுங்கள்.

வாரம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், ஸ்டாஃப் ரூமிலிருந்து பார்த்தால் வாசல் தெரியாத ஓர் அறை போதும். கல்லூரி விட்ட பிறகு வைக்காதீர்கள். ராமேஸ்வரம், தொண்டி பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைத்தான் பார்ப்பார்கள். மதிய இடைவேளை நல்லது, ஜும்ஆ தொழுகை இருப்பதால் வெள்ளி மட்டும் வேண்டாம். வாசலில் "மாணவர் ஆலோசனை" என்ற பலகையே இருக்கட்டும். கடன், காதல், அரியர் என்று எல்லோரும் வந்துபோனால்தான் இவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக வர முடியும்.

உதவி எண்களைக் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டு முன் நின்று யாரும் நம்பர் குறிக்க மாட்டார்கள். ஒரு கழிப்பறையையாவது எல்லோருக்கும் பொதுவாக்குங்கள், உள்ளே தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கட்டும். தமிழில் படிக்கக் கொடுக்கச் சென்னையின் ஓரினம் அமைப்பு வெளியிட்டவை இருக்கின்றன.

மகன் கல்லூரிக் கவுன்சலரைப் பார்க்கிறான். என்ன பேசினான் என்று கேட்டால் அவர் சொல்ல மறுக்கிறார். ஃபீஸ் கட்டுவது நான்தானே?
*– தந்தை, தேவிபட்டினம்*

ஃபீஸ் ரசீதைத் தாராளமாகக் கேளுங்கள் ஐயா, அவர் தருவார். மகன் பேசியதைத் தர மாட்டார், தரவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் உங்களை அழைப்பார், அதையும் முடிந்தவரை மகனிடம் சொல்லிவிட்டே செய்வார். உங்களுக்கும் மனம்விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் 14416 பெற்றோருக்கும் உண்டு. பெயரைச் சொல்லாமலே பேசலாம்.