மோட்டார் ஹோமின் பின்னால் ஸ்கூட்டர் ஏற்றலாமா?

கேள்வி: நானும் கணவரும் பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணிக்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கியிருக்கிறோம். அதன் தகட்டில் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ, முன் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) வரம்பு 1,850, பின் ஆக்சில் வரம்பு 2,000 என்று பொறித்திருக்கிறது. விற்றவர் கொடுத்த தாளில் 75 கிலோ ஓட்டுநரையும் டீசலையும் சேர்த்து வண்டியின் எடை 3,020 கிலோ. மிச்சம் 480 கிலோ இருக்கிறதே, பின்னால் ரேக் மாட்டி ஸ்கூட்டரை ஏற்றிக்கொள்வோம் என்கிறார் கணவர். ஸ்கூட்டர் 110 கிலோ, ரேக் 40 கிலோ. இரண்டு பிள்ளைகளும் எங்களோடு வருவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி, அம்மா. ஏற்ற வேண்டாம்.

அந்த 480 கிலோவை முதலில் பார்ப்போம். ஓட்டுநர் தவிர மற்ற மூவரும் சேர்ந்து 160 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 320. முன்பு வைத்திருந்தவர் வெளிப்பந்தல், இரண்டாவது பேட்டரி, சோலார் பலகை என்று பின்னாளில் மாட்டியிருந்தால் அது எதுவும் அந்தத் தாளில் ஏறியிருக்காது. அதற்கு 90 கிலோ போனால் 230. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 130. உங்கள் ஸ்கூட்டரும் ரேக்கும் 150! ஒரு தட்டு, ஒரு போர்வை, ஒரு கேஸ் சிலிண்டர்கூட இன்னும் வண்டிக்குள் வரவில்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது ஸ்கூட்டர் நிற்கும் இடம். நான் 20 வருஷம் சரக்கு லாரி ஓட்டியவன். பின்பாரம் என்ற சொல்லுக்கு எங்களிடையே தனி பயம் உண்டு. பின் சக்கரத்தைத் தாண்டித் தொங்கும் எடை பின் ஆக்சிலை அழுத்துவதோடு நிற்காது, நெம்புகோல்போல முன்பக்கத்தைத் தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 4 மீட்டர், பின் சக்கரத்திலிருந்து ஸ்கூட்டர் 2.4 மீட்டர் தள்ளி என்றால், அந்த 150 கிலோ பின் ஆக்சிலில் 240 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலில் 90 கிலோ குறையும். ஸ்டீயரிங் பிடிப்பதும், பிரேக்கில் பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரம்தானே? உங்களுடையது முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தால் ஈரமான ஏற்றத்தில் சக்கரம் பிடிமானமில்லாமல் சுழலும்.

இது எனக்கே நடந்தது. மோட்டார் ஹோம் வாங்கிய முதல் வருஷம், ஒரு மழைநாளில் மேட்டில் ஏற மறுத்து முன் சக்கரங்கள் சுற்றின. மறுநாள் எடை மேடைக்குக் கொண்டுபோனேன். மொத்தம் 3,440. வரம்புக்கு 60 கிலோ கீழே என்று நிம்மதியானேன். பிறகு ஆக்சில் ஆக்சிலாக நிறுத்திப் பார்த்தால், முன்னால் 1,370, பின்னால் 2,070. என் வண்டிக்கும் பின் ஆக்சில் வரம்பு 2,000தான். அத்தனை நாளும் 70 கிலோ அதிகமாகப் பிள்ளைகளோடு ஓடியிருக்கிறேன். பின் அறையில் குவித்திருந்த ஸ்பானர் பெட்டி, டின்கள், தண்ணீர் கேன் என 100 கிலோவை 3 மீட்டர் முன்னே, சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில் மாற்றினேன். பின் ஆக்சில் 1,995க்கு இறங்கியது. எதையும் இறக்கவில்லை, இடம்தான் மாறியது.

முன் 1,850, பின் 2,000, கூட்டினால் 3,850 வருகிறதே, அவ்வளவு ஏற்றலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாரம் முன்னும் பின்னும் கொஞ்சம் மாறி விழட்டும் என்று விட்ட இடைவெளி அது. மொத்தம் 3,500தான்.

ஆகவே முதல் வேலை எடை மேடை. பயணம் கிளம்பும் நிலையிலேயே போங்கள்: டீசல் நிறைய, சாமான் முழுக்க, நால்வரும் உள்ளே. முழு வண்டி, முன் ஆக்சில் மட்டும், பின் ஆக்சில் மட்டும் என்று மூன்று எடை எடுங்கள். மேடைக்காரர் அனுமதித்தால் இடப்பக்கச் சக்கரங்களையும் வலப்பக்கச் சக்கரங்களையும் தனித்தனியே நிறுத்திப் பாருங்கள். அடுப்படி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஒரே பக்கம் அமைந்த வண்டிகள் உண்டு.

கனமானதெல்லாம் தாழ்வாக, இரண்டு ஆக்சிலுக்கும் நடுவில். மேல் அலமாரியில் துணியும் போர்வையும் போதும். டின் வேண்டவே வேண்டாம். சடன் பிரேக்கில் கதவு திறந்தால் கீழே உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை. போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்குமென்றால் 20 லிட்டரோடு கிளம்புங்கள். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

டயரைச் சொல்லாமல் விட முடியாது. பக்கவாட்டில் அளவு எண்ணுக்கு அடுத்து 112, 116 என்று இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 116 என்றால் 1,250. அதுவும் அதற்குரிய காற்று இருந்தால்தான். காற்று குறைந்து பாரம் கூடினால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறும், வேகத்தில் வெடிக்கும். காலையில் ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

ஸ்கூட்டருக்குப் பதில் மடக்குச் சைக்கிள் இரண்டை உள்ளேயே வைக்க முடியுமா என்று கணவரிடம் கேளுங்கள். எடை மேடைச் சீட்டு வந்ததும் எண்களை எழுதி அனுப்புங்கள். எதை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்தே கணக்குப் போடுவோம்.